ரத்தோட்டைக்கு மேலே அட்டை, நாவுலைக்குக் கீழே நுளம்பு

மாத்தளை மாவட்டத்தில் விடுமுறைக்கு வீடு எடுப்பவர்கள் படத்தில் பார்ப்பது மலை, குளம், மரப்படி, வெள்ளை விரிப்பு. வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான். ரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரத்துக்குள் வீடு என்றால் அட்டை. மாத்தளை நகரைச் சுற்றி, உக்குவெல, எல்கடுவப் பக்கம், மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் நிற்கும் தோட்டத்துக்குள் வீடு என்றால் எலி, மரநாய், முசுறு. ஏ9 வீதியில் நாலந்தாவைத் தாண்டி நாவுல, தம்புள்ளை, சீகிரியா என்று வறண்ட பக்கம் இறங்கிவிட்டால் நுளம்பு, குரங்கு, குளவி, பாம்பு. மாவட்டம் ஒன்றுதான். வாகனத்தில் கொஞ்ச நேர ஓட்டத்துக்குள் தொல்லைகளின் பட்டியல் முழுக்க மாறிவிடுகிறது.

ஆகவே 'பூச்சி உண்டா?' என்று கேட்டு அறை எடுப்பது வீண் கேள்வி. உண்டு. எந்தப் பூச்சி, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

*

'அட்டை வீட்டுக்குள்ள வராது' என்பார்கள் வாடகைக்கு விடுபவர்கள். தானாக வராது, மெய்தான். நாம்தான் கூட்டிக்கொண்டு வருகிறோம், செருப்பு வாரிலும் காற்சட்டை மடிப்பிலும்.

மழை விட்ட கையோடு வாசற்படியில் குந்தியிருந்து புல்லைக் கவனித்தால் தெரியும். பின்பக்கத்தைப் புல்நுனியில் ஒட்டிக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் நீட்டித் துழாவிக்கொண்டு நிற்கும். ஆள் அசையும் அதிர்வும் மூச்சுக்காற்றும் அதற்குப் போதும். நீங்கள் அசையாமல் இருந்தாலும் தரையில் இறங்கி, சாண் போட்டுத் துணி அளப்பது போல வளைந்து நிமிர்ந்து, நேராக உங்கள் பெருவிரலுக்கு வரும். வழி தவறுவதில்லை. கடிக்கிறபோது தெரியாது. இரத்தம் குடித்துப் பருத்து அதுவாக விழுந்த பிறகு, காலுறை நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் கூச்சல் போடுகிறார்கள். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் சின்னக் காயத்திலிருந்து நெடுநேரம் வடியும். விரிப்பெல்லாம் கறை. வீட்டுக்காரர் முகம் கோணும்.

நான் தங்கிய மலைப்பக்கத்து வீட்டைக் கூட்டித் துடைக்க வரும் அக்கா முன்பு கொழுந்து பறித்தவர். நான் உப்புப் போத்தலோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "உப்புக் கொட்டுனா அது வாந்தி எடுத்துட்டு விழும் தம்பி. நகத்தால அடியில நெம்பி விடுங்க, போயிரும்." மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: உப்பு, நெருப்பு, புகையிலை எதுவும் வேண்டாம், வாய் இருக்கும் ஒடுங்கிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மலைக்குப் போகுமுன் காலுக்கு அவர் பூசிக்கொள்வது வெறும் சவர்க்காரம்தான், தண்ணீர் ஊற்றாமல், வழவழவென்று. நகரத்துக் கடையில் அட்டைக்கென்று விற்கும் முழங்கால்வரைக் காலுறை நல்லதுதான். ஆனால் அட்டை காலுறைக்கு மேலே ஏறி இடுப்புவரை பயணம் செய்யும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்துவிட்டு 1679இல் தப்பி ஓடிய ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் அட்டைக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். துணியில் தேசிக்காயும் உப்பும் பொதிந்து கோலில் கட்டி, நடக்க நடக்கக் காலில் ஒற்றிக்கொள்வார்களாம். இன்றைக்கும் றிவர்ஸ்டனில் வழிகாட்டிப் பையன்கள் சிலர் கையில் அதே பொட்டலம்தான். இடையில் வந்த தெளிமருந்துகளை அட்டை பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது.

*

தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் இப்போது ஓரிரவுக்குப் பல ஆயிரம் ரூபாய்க்கு விடுதியாகிவிட்டன. சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள்: குதிரை, தொப்பி, துரைமார். எலியின் படம் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வந்த தன் இயற்கை வரலாற்று நூலில் கோப்பித் தோட்டத்து எலியைப் பற்றி எழுதுகிறார். காட்டில் நெலு என்னும் செடி உண்டு, நம் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயடியாகப் பூத்துக் காய்த்து மடியும். அது மடிந்ததும் எலிகள் கூட்டமாகத் தோட்டத்துக்கு இறங்கி கோப்பிச் செடியின் அரும்பையும் இளங்கொம்பையும் அறுத்துத் தள்ளும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் வரை அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு டெனன்ட் எழுதியதுதான் எனக்கு முக்கியம்: தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அந்த எலியைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் சாப்பிடுவார்கள், ஆகவே எலி இறங்கும் தோட்டங்களுக்குப் போகவே விரும்புகிறார்கள் என்கிறார். வேடிக்கையான செய்தியாக அவர் அதை எழுதுகிறார். மன்னாரில் இறங்கி, காட்டுப்பாதையில் கால்நடையாக மாத்தளைவரை வந்து, வழியில் வாந்திபேதிக்குப் பாதிப்பேரைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. இறைச்சி கிடைக்கும் தோட்டம் எது என்று பார்த்துப் போவது யாரும் செய்கிற கணக்கு.

கோப்பியை எலி அழிக்கவில்லை. 1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட இலைத்துரு என்ற பூஞ்சணம் அழித்தது. எலி கண்ணுக்குத் தெரிந்தது, அடித்தார்கள். பூஞ்சணம் இலையின் அடியில் இருந்தது.

*

இரவு ஒன்றரை மணி. கூரைக்குள் யாரோ தடதடவென்று ஓடுகிறார்கள். கூடவே ரம்பை இலையை எண்ணெயில் போட்ட வாசனை. சமையலறையில் யார் இந்த நேரத்தில்?

மரநாய். அதன் வாடை அப்படித்தான். ரம்பை வாசனையும் ஓட்டச் சத்தமும் சேர்ந்து வந்தால் பேய் என்று பதற வேண்டாம், பாம்பு என்றும் பதற வேண்டாம். பழம் தின்னும், எலியும் பிடிக்கும். பகல் முழுக்கக் கூரையில் தூங்கும். அதன் மூத்திரம் சீலிங் பலகையில் தேயிலைச் சாயத்தில் வட்டம் போடும். அந்த வட்டம் கட்டிலுக்கு நேர்மேலே இருந்தால் கட்டிலை நகர்த்தச் சொல்லலாம். அதற்கு மேல் விருந்தினர் செய்ய ஒன்றுமில்லை. அது வெளியே போன இரவில் ஏறும் வழியை அடைப்பது வீட்டுக்காரர் வேலை. குட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடைக்க வேண்டும். பாராமல் அடைத்த வீட்டில் அடுத்த கிழமை யாராலும் தங்க முடியாது.

*

பல்லியைப் பார்த்து அறையை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்களிலும். பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள், விடுதிக்குப் போனதும் வெள்ளைக்காரர் ஆகிவிடுகிறார்கள். லைட்டுக்கு வரும் ஈசலையும் நுளம்பையும் சம்பளமில்லாமல் பிடிக்கிற ஆள் அது.

கரப்பொத்தான் வேறு விஷயம். ஒன்று பறந்து வந்தால் அது தோட்டத்திலிருந்து வந்தது. சமையலறை லாச்சியைத் திறந்ததும் சின்னக் குஞ்சுகள் நாலாபக்கமும் சிதறினால் அங்கேயே குடும்பம் நடத்துகிறது. லாச்சி என்ன, அந்தச் சமையலறையையே நம்பக்கூடாது.

*

இனி மூட்டைப்பூச்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

மலைப்பக்கத்து வீடு ஒன்றில், பெட்டியை இறக்கியதும் வழக்கம்போல மெத்தை மூலையைத் தூக்கிப் பார்த்தேன். தையல் ஓரத்தில் பேனாவால் குத்தினாற்போல கரும்புள்ளிகள். ஈரத்துணியால் தொட்டால் துருநிறத்தில் பரவியது. அது செரித்த இரத்தம். பக்கத்திலேயே ஒளி ஊடுருவும் மஞ்சள் சட்டைகள், குஞ்சு வளரும்போது உரித்துப் போட்டவை. தலைப்பலகையின் திருகாணித் துளைக்குள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தால் ஆளே இருந்தார்: தட்டையாக, பழுப்பாக, ஐந்து மில்லிமீற்றர். வெளிச்சம் பட்டதும் அவசரமில்லாமல் உள்ளே போனார்.

விடுதிக்குப் போனால் பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள் என்பது இதற்காகத்தான். முதலில் குளியலறையின் ஓட்டுத் தரையில் வையுங்கள். மெத்தையின் நாலு மூலை, தலைப்பலகை, கட்டில் மூட்டு, திரைச்சீலையின் மடிப்பு, பிரம்பு நாற்காலியின் இடுக்கு. பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. பிரம்பு நாற்காலியை மறக்கக்கூடாது. பழங்காலத் தோற்றம் என்று எங்கிருந்தோ வாங்கிப் போடுகிறார்கள். கூடவே பழங்காலக் குடியிருப்பாளர்களும் வருகிறார்கள்.

வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினேன். "எங்க வீட்ல இப்படி ஒன்னு இருந்ததே இல்லீங்க சேர். முந்தி வந்தவங்க கொண்டாந்திருப்பாங்க." பெரும்பாலும் அது உண்மைதான். மூட்டைப்பூச்சி பறக்காது, காட்டிலிருந்து வராது, பெட்டியில்தான் வரும். அழுக்கு வீட்டில்தான் இருக்கும் என்பதும் பொய். 2023இன் இலையுதிர்காலத்தில் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிப் பீதியில் இருந்தது, ரயில் இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டு போனார்கள். ஒரு ஆறுதல்: இது இரத்தம் குடிக்குமே தவிர நுளம்பைப் போல நோய் பரப்புவதாகத் தெரியவரவில்லை. சொறிச்சல், தூக்கமின்மை, மானக்கேடு. அவ்வளவுதான்.

அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை எழுப்பியது. "ஒரு மணித்தியாலம் வெளிய போய்ட்டு வாங்க. கதவப் பூட்டி மருந்தடிச்சுத் தர்றேன். ராவைக்கு நிம்மதியா படுக்கலாம்."

வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

2025 பெப்ரவரி தொடக்கத்தில் கொழும்பில், வெளிநாட்டு இளம் பயணிகள் தங்கும் மலிவு விடுதியொன்றில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஒருவர் பிரித்தானியர், மற்றவர் ஜெர்மானியர். மூட்டைப்பூச்சிக்காக ஓர் அறையில் புகையூட்டியிருந்தார்கள். அந்தப் புகையே காரணமாக இருக்கலாம் என்று பொலிஸார் விசாரித்தார்கள், விடுதி மூடப்பட்டது. இது இலங்கைக்கு மட்டும் வந்த விதியில்லை. 2018 ஆகஸ்டில் எகிப்தின் ஹுர்கடா நகரில் ஆங்கிலேயத் தம்பதியர் இறந்தார்கள். அவர்கள் அறையில் மருந்து அடிக்கவே இல்லை, பக்கத்து அறையில் அடித்தார்கள். இடையில் ஒரு கதவு, அதன் இடுக்குக்கு ஒட்டுநாடா. அந்த மருந்தில் இருந்த டைகுளோரோமீதேன் உடலுக்குள் கார்பன் மொனொக்சைட்டாக மாறியது என்று 2023இல்தான் பிரித்தானிய மரண விசாரணை முடிவு சொன்னது. 2025 நவம்பரில் இஸ்தான்புல்லில் ஒரு குடும்பமே போனபோது முதலில் தெருக்கடைச் சாப்பாட்டின் மேல்தான் பழி விழுந்தது. பிறகுதான் விடுதியில் மூட்டைப்பூச்சிக்கு அடித்த மருந்தின் பக்கம் விசாரணை திரும்பியது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை நாம் சிரிப்புக்குச் சொல்கிறோம். இவர்கள் கொளுத்திய வீட்டுக்குள் தெரியாமல் படுத்தவர்கள்.

கொல்லாத பூச்சிக்குக் கொல்லுகிற மருந்து. இதில் இன்னொரு கொடுமை, மருந்து அதைச் சரியாகக் கொல்வதுமில்லை. டி.டி.ரி.க்கு மூட்டைப்பூச்சி தாக்குப்பிடிப்பதை 1947இலேயே பேர்ள் ஹாபர் படைமுகாமில் பார்த்துவிட்டார்கள். இன்று கடையில் விற்கும் தெளிப்பான்களில் இருக்கும் பைரித்ரொயிட் மருந்துக்கும் பல இடங்களில் அது பழகிவிட்டது. அடித்தால் சாகாமல் சுவர் ஓட்டையால் பக்கத்து அறைக்குப் போகும். அதை உறுதியாகக் கொல்வது சூடு. விரிப்பு, தலையணை உறை, உடுப்பு எல்லாம் 60 பாகை செல்சியஸ் நீரில் கழுவினால் முட்டையும் மிஞ்சாது. கட்டில் மூட்டுக்கு நீராவி. மெத்தைக்கு முழுதாக மூடும் சிப்பு உறை. மெத்தையே சல்லடையாகியிருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். இதற்கெல்லாம் அறையைச் சில நாள் மூட வேண்டும், அந்த நாட்களின் வருமானம் போகும். ஒரு மணித்தியாலத்தில் அறையைத் திருப்பித் தருகிறேன் என்கிற அவசரம் அங்கேதான் பிறக்கிறது. அந்த வீட்டுக்காரர் கெட்டவரில்லை. அன்றைய வாடகை அவருக்குத் தேவைப்பட்டது.

வீடு திரும்பியதும் பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் முற்றத்தில் திறந்து, உடுப்பைக் கொதிநீரில் போடுவது நம் பங்கு. ரத்தோட்டைப் பக்கத்து வெயிலில் காயப்போட்டு இதைத் தீர்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த மலையில் இரண்டு நாள் தொடர்ந்து வெயிலைப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

*

குரங்கைப் பூச்சிக் கணக்கில் சேர்க்கலாமா? விவசாயிகள் சேர்க்கிறார்கள். தம்புள்ளைப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரரிடம் கேட்டால் வண்டுக்கும் புழுவுக்கும் முன்னால் குரங்கைத்தான் சொல்வார்.

செங்குரங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கும் அந்த இனம், தம்புள்ளை விடுதியின் பிரிட்ஜைத் திறந்து பாணையும் பட்டரையும் எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தபடி விட்டுப்போகிறது. ஜெப்ரி பாவா வடிவமைத்த கந்தளம விடுதியிலேயே பால்கனிக் கதவைத் தாழிட்டு வைக்கச் சொல்கிறார்கள். காட்டையும் கட்டடத்தையும் பிரிக்காமல் கட்டியதற்காகப் புகழப்பட்ட கட்டடம் அது. குரங்கும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அரசாங்கம் செய்துபார்த்தவை தனிக்கதை. 2023 ஏப்ரலில் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவின் மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்பப்போவதாக விவசாய அமைச்சர் சொன்னார். அப்படியொரு கோரிக்கையைப் பற்றித் தெரியாது என்றது சீனத் தூதரகம். வழக்குப் போட்டார்கள், விஷயம் அமுங்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த குரங்கைக் காட்டினார் எரிசக்தி அமைச்சர். அடுத்த மாதம், மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை அவரவர் காணியில் தெரியும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சொன்னார்கள். ஐந்தே நிமிடம். எண்ண வரும்போது குரங்கு அடுத்த காணியில் இருந்தால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் பெரிய விவாதம். குரங்குக்குக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டத்துக்கும் அந்த ஆண்டு மாத்தளை மாவட்டத்தின் பெயர்தான் அடிபட்டது.

வாடகை வீட்டில் நாம் செய்யக்கூடியது சின்ன வேலைகள். பழத்தை மேசையில் வைக்காதே. குப்பையைப் பொலித்தீன் பையில் வெளியே தொங்கவிடாதே. பல்லைக் காட்டிச் சிரிக்காதே, அது சண்டைக்கு அழைப்பு. முக்கியமாக, படம் எடுக்க ஆசைப்பட்டு ஒரு வாழைப்பழம் நீட்டாதே. அந்தப் பழத்தின் விலையை அடுத்த கிழமை வரும் குடும்பம் கட்டும்.

*

சீகிரியாக் குன்றின் சிங்கப்பாத முற்றத்தில் கம்பிவலைக் கூண்டு ஒன்று நிற்கும். விலங்கை அடைக்க அல்ல, மனிதர் ஓடி ஒளிய. மேலே பாறை விளிம்பில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்குகின்றன, சிங்களத்தில் பம்பரா என்பார்கள். சத்தம் போடாதீர்கள் என்ற பலகையின் கீழே நின்று சத்தமாகப் பேசும் கூட்டத்தை எந்த நாளும் பார்க்கலாம்.

நாம் எல்லாவற்றையும் குளவி என்றே சொல்லிவிடுகிறோம். விடுதியின் இறவாரத்தில் பெரிய அடை தொங்கினால் அது தேனீயா குளவியா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலை மூடு, லைட்டைக் குறை, வீட்டுக்காரரிடம் சொல்லு. கல் எறிவதும் பந்தம் பிடிப்பதும் வேண்டாம். கலைந்து வந்தால் நின்று கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடிக் கதவுக்குள் நுழைய வேண்டும்.

சுற்றுலாப் பயணிக்கு ஒரு கொட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்லும் கதை. அதே மாவட்டத்தின் மலைப்பக்கத்தில் 'குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி' என்பது பத்திரிகையின் உள்பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தி. படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு, சரிவில் நிற்கும் பெண் எங்கே ஓடுவது? கூண்டு வைக்க வேண்டிய இடம் சீகிரியா மட்டும்தானா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

*

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக.

வறண்ட பக்கத்தில் இப்போது மண்குடிசை, ஓலைக்குடில் என்று விடுதிகள். அழகுதான். தரையில் பாய் போட்டுப் படுக்கும் 'கிராமிய அனுபவம்' வேண்டாம். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும், கடித்த இடம் வலிக்கவே வலிக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்கல், பிறகு மூச்சு. கட்டிலில் படுத்து, நுளம்புவலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் செருகினால் அந்தக் கதை அநேகமாக முடிந்தது. ஈரப் பக்கத்தில், சருகுக்குள்ளும் விறகுக்குள்ளும் மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியன். இலங்கையில் பாம்புக்கடி என்றால் அதிகம் இதுதான். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து இதற்குப் பொருந்தாது, ஆகவே இருட்டில் செருப்பில்லாமல் இறங்காதிருப்பதே மருந்து. கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, பார்வை பார்ப்பது எல்லாம் விட்டுவிட்டு 1990க்கு அழைக்க வேண்டும். இலவச அம்புலன்ஸ்.

*

பழைய பங்களாக்களில் கட்டிலுக்கு நேர்மேலே கூரையில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். பூச்சாடி தொங்கவிடவா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நுளம்புவலைக்கு. அந்தக் கொக்கி மாட்டியவர்களுக்கு மலேரியா என்றால் என்ன என்று தெரியும். 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேர் இந்தத் தீவில் அதற்குச் செத்தார்கள். டி.டி.ரி. வந்து, 1963இல் நாடு முழுக்கவே 17 பேருக்குத்தான் காய்ச்சல் என்ற நிலை வந்தது. வெற்றி என்று கையைத் தளரவிட்டதும் சில ஆண்டுகளிலேயே இலட்சக்கணக்கில் திரும்பியது. 2016 செப்டெம்பரில்தான் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று கொடுத்தது.

கொக்கி இருக்கிறது, வலை இல்லை. அந்த இடத்தில் ஏசி இருக்கிறது. பகலில் கடிக்கும் டெங்கு நுளம்புக்கு இரண்டாலும் பயனில்லை. அதற்கு அறையிலிருக்கும் பூச்சாடித் தட்டையும், கூரைப் பீலியில் தேங்கிய தண்ணீரையும், தோட்டத்தில் அழகுக்கு வைத்த பழைய உரலையும் பார்க்க வேண்டும்.

யாரும் பெயர் சொல்லாத ஒன்று மணல் ஈ. நுளம்பைவிடச் சிறியது, சத்தம் போடாது, சாதாரண வலையின் கண்ணுக்குள்ளாலேயே வரும். லீஷ்மானியாசிஸ் என்ற தோல்நோயைப் பரப்புகிறது. மாத்தளையும் அந்நோய் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. 2008 முதல் கண்டால் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை. வலியோ அரிப்போ இல்லாத ஒரு சின்னப் பரு, மாதக் கணக்கில் ஆறாமல், நடுவில் புண்ணாகிக் கிடக்கும். தம்புள்ளைப் பக்கம் போய்வந்து பல வாரத்துக்குப் பின் அப்படியொன்று கையிலோ முகத்திலோ வந்தால் களிம்பு பூசிக்கொண்டிருக்காமல் தோல் வைத்தியரிடம் 'அங்கே போயிருந்தேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொழும்பில் யாருக்கும் அது தோன்றாது.

*

குறைசொல்லி எழுதுவது பற்றி ஒரு சிறு வழக்கு எனக்கு உண்டு. சீகிரியாவைச் சுற்றி வீட்டின் இரண்டு அறையை விடுதியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய. 'குளியலறையில் தவளை' என்று ஒருவர் எழுதிய ஒற்றை நட்சத்திரம் அவர்களின் ஒரு பருவ வருமானத்தைத் தின்றுவிடும். தவளைக்கும் பல்லிக்கும் எறும்புக்கும் நான் எழுதமாட்டேன். மூட்டைப்பூச்சிக்கும் சமையலறை எலிப்புழுக்கைக்கும் முதலில் வீட்டுக்காரரிடம் நேரில், அந்த மணித்தியாலத்திலேயே, படத்தோடு சொல்வேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் தயங்கமாட்டேன். மறைத்துவிட்டு அடுத்தவரைப் படுக்கவைத்தால் அப்போது எழுதுவேன். ஊருக்குப் போய் ஒரு கிழமை கழித்து, பேர் போடாமல், காட்டமாக எழுதுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

*

அடுத்த விடுமுறைக்குக் கந்தளமக் குளத்துப் பக்கம் ஒரு வீடு பேசினேன். வீட்டுக்காரர் கலேவெலக்காரர், நல்ல மனிதர், வாடகையைச் சொல்லுமுன்பே தேத்தண்ணிக்கு வரச் சொன்னவர்.

"நானா, கடைசியா எப்ப மருந்தடிச்சீங்க?"

"நேத்துத்தான் தம்பி. மூணு அறையையும் பூட்டி நல்லா அடிச்சி வெச்சிரிக்கேன். ஒரு பூச்சி இரிக்காது."

"என்ன மருந்து?"

"பேரு தெரியாது. கடையில கலந்து தந்தாங்க."

ஒரு கிழமை தள்ளி வருகிறோம், அதுவரை கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள் என்றேன். மெத்தைகளை வெளியில் எடுத்துப் போடச் சொன்னேன், போத்தலின் லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர், கடைசியில் தயங்கினார்.

"ஜன்னலத் தொறந்து போட்டா கொரங்கு வருமே தம்பி."

ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடிக்க எவ்வளவு ஆகும், அதை வாடகையில் எப்படிக் கழிப்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.